பூஜ்யம் நாள் வயதான ஜீயபுரத்துக்காரர்

சென்ற மாதம் அம்மா மண்டபம் சாலையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது திவ்யா கூப்பிட்டார். தில்லைநகரில் நான் ஓய்வு பெற்ற மென்பொருள் அலுவலகத்தில், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது இருப்பவர் அவர். ஓய்வு பெற்றவனை அலுவலகத்திலிருந்து கூப்பிடுவதற்கு இரண்டு காரணங்கள்தான் உண்டு. யாராவது இறந்திருப்பார்கள், அல்லது ஏதாவது ஓடாமல் நின்றிருக்கும்.

"சார், ஒரு சின்ன டவுட். தேதி லைப்ரரிய புது மேஜர் வெர்ஷனுக்கு மாத்துறோம். டெஸ்ட் பேஷண்ட்ஸ் எல்லாரும் பாஸ். ஒருத்தர் மட்டும் ஃபெயில். பாத்தா அவரோட பிறந்த தேதியே தப்பா இருக்கு. நாள் பூஜ்யம், மாசம் பூஜ்யம், அப்புறம் ஒரு வருஷம். அவரைத் தூக்கிடலாமா?"

"பேர் என்ன போட்டிருக்கு?"

"ராமசாமி, ஜீயபுரம்."

கையிலிருந்த கத்தரிக்காயைத் திரும்பக் கூடையில் வைத்தேன். "தூக்காதீங்க. எப்ப மாத்துறீங்க?"

"அடுத்த மாசம் மொத ஞாயிறு காலைல. ஏன் சார், அவரு யாரு?"

"எழுதி அனுப்புறேன்" என்றேன். ஃபோனில் சொன்னால் தலையை ஆட்டிக்கொண்டே வேறு வேலை பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

என் தொழிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் கணிதம் படித்தேன். சென்னையில் கணினி கற்றேன். நான்கு ஆண்டுகள் யார் யாருடைய பிழைகளையோ திருத்தினேன். பிறகு திருச்சிக்கே திரும்பி வந்து, என் சொந்தப் பிழைகளைச் செய்யத் தொடங்கினேன். எங்கள் நிறுவனம் சிறியது. மருத்துவமனை ஆய்வகங்களுக்கான மென்பொருள் எழுதினோம். இரத்தம் எடுத்ததிலிருந்து ரிப்போர்ட் தாள் கையில் வரும் வரை நடப்பதெல்லாம் எங்கள் பொறுப்பு.

லைப்ரரி என்பது, வேறு யாரோ எழுதி வைத்த நிரலை நாம் எடுத்துப் பயன்படுத்துவது. வீட்டில் அரைக்காமல் கடையில் இட்லி மாவு வாங்குவது மாதிரி. வயதைக் கணக்கிடுவது, தேதியைச் சரியாகக் காட்டுவது போன்ற வேலைகளுக்கு அப்படி ஒரு தேதி லைப்ரரி வைத்திருந்தோம். இந்த லைப்ரரிகளுக்கு எண் உண்டு. புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் மாறினால், மாவில் உப்பு சற்றுக் கூடியிருக்கிறது என்று அர்த்தம். புள்ளிக்கு முன்னால் உள்ள எண் மாறினால் அதுதான் மேஜர் வெர்ஷன். இனி அது இட்லி மாவே இல்லை என்று அர்த்தம். பாக்கெட் மட்டும் அதே பாக்கெட்.

நான் சொல்ல வருவது பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது, அந்த லைப்ரரி இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக வேண்டிய ஆண்டு அது. இரண்டாவது வெர்ஷனில் ஓட்டை வந்தால் இனி அடைக்க மாட்டோம் என்று லைப்ரரியை எழுதியவர்கள் அறிவித்துவிட்டார்கள். ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஜோசபின் மேடம். மேலப்புதூர்க்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதனாலேயே எல்லோருக்கும் பயம். வெளியீடு எதற்கும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவர் இரண்டு காரியங்கள் செய்வார்.

முதலாவது, மாற்றப் பட்டியல் வாசிப்பு. லைப்ரரியை எழுதியவர்கள் என்னென்ன மாற்றினோம் என்று ஒரு பட்டியல் தருவார்கள். மற்ற அலுவலகங்களில் அதை யாரும் படிப்பதில்லை. எங்களிடம் அதை ஒருவர் நின்றுகொண்டு உரக்கப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பாளர் "நமக்கு வரும்" அல்லது "நமக்கு வராது" என்று சொல்ல வேண்டும். வரும் என்றால் மேடம் ஒன்றும் எழுத மாட்டார். வராது என்றால்தான் நீளமான ஒரு நோட்டில் அந்த வரியையும் சொன்னவர் பெயரையும் எழுதிக்கொள்வார். புதிதாகச் சேர்ந்த ஒருவர், "வராதுன்னு சொன்னதுக்கு எதுக்கு மேடம் பேரு?" என்று கேட்டார். "வரும்னு சொன்னா நீங்க போய் சோதிப்பீங்க. வராதுன்னு சொன்னா யாரும் சோதிக்க மாட்டாங்க. அப்ப பேராவது இருக்கணும்ல" என்றார்.

இரண்டாவது, திரும்பி வரும் வழி. புதியது சரிப்படவில்லை என்றால் பழையதற்கு எப்படித் திரும்புவது என்பதைப் படிப்படியாகத் தாளில் கையால் எழுதி, கணினிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். அச்சடித்தது கூடாது. பதற்றத்தில் அச்செழுத்து கண்ணில் ஏறாது, சொந்தக் கையெழுத்து ஏறும் என்பது அவர் கட்சி.

அந்த மாற்றத்துக்கு நான்தான் பொறுப்பாளர், இந்த வேலையில் தேர்ந்தவன். லைப்ரரியைக் கூப்பிடும் இடங்களையெல்லாம் பட்டியலிட்டேன். சோதனை நோயாளிகளாக இருநூறு பேரை உருவாக்கி வைத்திருந்தோம். லீப் வருடத்தில் பிறந்தவர், நூறு வயதைத் தாண்டியவர், நள்ளிரவில் பிறந்தவர், இரட்டையர் என்று எவரையும் விட்டுவைக்கவில்லை. எல்லோரும் பாஸ். இத்தனை ஆண்டுகள் கழித்துச் சொல்கிறேன், அந்த இருநூறு பேரும் பிறந்த நாள் தெரிந்தவர்கள். ஏனென்றால் அவர்களைப் பெற்றவர்கள் நாங்கள். எங்கள் எல்லோரிடமும் பிறப்புச் சான்றிதழ் இருந்தது.

வாசிப்பின்போது இருபத்தேழாவது வரி வந்தது. நாளோ மாதமோ பூஜ்யமாக உள்ள தேதிகள் இனி ஏற்கப்படமாட்டா, காலி மதிப்பே திரும்பும் என்பது அதன் சாரம்.

"பூஜ்யமாந் தேதின்னு உலகத்துல ஒண்ணும் கிடையாது மேடம். நமக்கு வராது" என்றேன்.

"நிச்சயமா சேகர்?"

"நிச்சயமா."

எழுதிக்கொண்டார். அடுத்த வரிக்குப் போனோம்.

புத்தூரில் ஒரு மருத்துவமனையில்தான் முதலில் மாற்றுவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். ஆறு நாற்பதுக்கு முடிந்தது. சுவரில் என் கையெழுத்தில் எட்டுப் படிகள் ஒட்டியிருந்தன, தேவைப்படவில்லை. ஏழு மணியிலிருந்து ரிப்போர்ட்டுகள் ஒழுங்காக வந்தன. மேடம் மாதா கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். நான் இரண்டாவது காபி குடித்தேன். 

பத்தரை மணிக்கு ஆய்வகத்திலிருந்து ஷாகுல் வந்தார். அங்கே மூத்த டெக்னீஷியன். கையில் ஒரு தாள், வார்டிலிருந்து திருப்பி அனுப்பியது.

"சேகர் சார், டயாலிசிஸ் வார்டுல படுத்திருக்கவருக்குத் தலைல ஒரு முடி கருப்பு இல்ல. உங்க ரிப்போர்ட்டு அவருக்கு வயசு பூஜ்யம் நாள்னு சொல்லுது. தொட்டில் வாங்கியாரச் சொல்லவா?"

நான் சிரிக்கவில்லை. தாளை வாங்கிப் பார்த்தேன். வயது: 0 நாள். அதற்குக் கீழே சோடியம், பொட்டாசியம் என்று எல்லா எண்களும் கருப்பு மையில் இருந்தன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆய்வக ரிப்போர்ட்டில் எண் அளவுக்கு மீறினால் சிவப்பில் அச்சாகும். எது அளவு என்பது வயதைப் பொறுத்தது. இரத்தத்தில் பொட்டாசியம் ஆறைத் தாண்டினால் பெரியவர்களுக்கு இதயம் தாளம் தப்பலாம். பிறந்த குழந்தைக்கு அது சற்றுக் கூடுதலாக இருந்தாலும் இயல்புதான். இன்னொன்றையும் நாங்களே செய்து வைத்திருந்தோம். சிவப்பு உள்ள தாளை டெக்னீஷியன் பார்த்து அனுப்ப வேண்டும். சிவப்பு இல்லாத தாள் யாரும் பார்க்காமலே கவுண்டருக்குப் போய்விடும். நேரம் மிச்சம் என்று நான்தான் அதைப் பரிந்துரைத்திருந்தேன். ஆக, சிவப்பு போனால் அதைப் பார்க்கும் மனிதனும் போய்விடுவான்.

"இவரோட பிறந்த தேதிய யாரு போட்டது?" என்று கேட்டேன்.

பதிவுக் கவுண்டரில் வசந்தா என்ற அம்மா இருந்தார். கூப்பிட்டுக் கேட்டோம். அவருக்கு நாங்கள் ஏன் வெளுத்திருக்கிறோம் என்றே புரியவில்லை.

"தேதி தெரியாதவங்களுக்குப் பூஜ்யம் பூஜ்யம்தான சார் போடுவோம்? வருஷத்துக்கு, மூத்த பிள்ளைக்கு என்ன வயசுன்னு கேட்டு ஒரு இருபது கூட்டிக்குவேன். எனக்கு முந்தி இருந்த அக்கா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. இத்தனை வருஷமா உங்க மிஷினு ஒண்ணுமே சொல்லலையே?"

சொல்லவில்லை. பழைய லைப்ரரி நாகரிகமானது. பூஜ்யத்தைப் பார்த்தால் முகம் சுளிக்காமல் ஜனவரி ஒன்று என்று மாற்றிக்கொள்ளும். திரையிலும் அப்படியே காட்டும். ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்த கிழவர்கள் திருச்சி மாவட்டத்தில் இவ்வளவு பேரா என்று நானே ஒருமுறை வேடிக்கையாகப் பேசியிருக்கிறேன். உள்ளே என்ன தட்டியிருக்கிறார்கள் என்று திறந்து பார்த்ததில்லை.

புதிய லைப்ரரி கறார். பூஜ்யமா, காலி என்று திருப்பிவிட்டது. அது சொன்னபடிதான் செய்தது. காலி என்று வந்தால் என்ன செய்வது என்பது எங்கள் நிரலில் ஒரு வரி: பிறந்த தேதி இல்லையென்றால் இன்றைய தேதியை எடுத்துக்கொள். பிரசவ வார்டில் பதிவு போடுவதற்கு முன்பே குழந்தையின் இரத்தம் வந்துவிடும் என்பதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வரி. எழுதியவர் பெயர் பக்கத்தில் இருந்தது. என் பெயர்.

மேடம் சுவரைப் பார்த்தார். நான் எட்டுப் படிகளையும் செய்தேன். அவசரத்தில் இரண்டாவது படியை இரண்டு முறை தட்டினேன். பன்னிரண்டு நிமிடங்களில் பழைய லைப்ரரி வந்துவிட்டது. ஷாகுல் கையிலிருந்த தாளை மறுபடி அச்சடித்தோம். வயது திரும்ப வந்தது, சிவப்பு வந்தது.

"மென்பொருள் திரும்பிருச்சு. தாள்?" என்றார் மேடம்.

அது என் எட்டுப் படிகளில் இல்லை.

காலையிலிருந்து பூஜ்யம் நாள் வயதோடு வெளியே போனவை பத்தொன்பது. நான்கு உண்மையான குழந்தைகள். பதினான்கு பேர் வார்டுகளில் இருந்தார்கள். ஷாகுல் ஒவ்வொரு வார்டாக ஓடி, பழைய தாளைக் கிழித்துப் புதியதை மாட்டினார். மிச்சம் ஒருவர். வெளிநோயாளி. ராமசாமி, ஜீயபுரம். சிறுநீரகக் கோளாறு. ஏழு மணிக்குப் பொட்டாசியம் பார்க்க மட்டும் இரத்தம் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்குத் தாளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பொட்டாசியம் 6.3.

பணியில் இருந்த டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். "உடனே கூட்டிட்டு வாங்க. நடக்க விடாதீங்க. நான் பெட் ரெடி பண்றேன்." பதிவில் இருந்த ஃபோன் நம்பரைக் கூப்பிட்டோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டோம். எடுக்கவில்லை.

"ஆம்புலன்ஸ் வெளில போயிருக்கு, வரட்டும்" என்றார் யாரோ.

"நம்ம தாளு. நாம போவோம்" என்று மேடம் கார் சாவியை எடுத்தார்.

மேடம் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எடுக்காத ஃபோனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். குடமுருட்டிப் பாலத்தில் ஒரு கல்யாண வேன் குறுக்கே நின்றது. மேளக்காரர்கள் இறங்கி ஏறும் வரை நின்றோம். அந்த நேரத்தில் ஒரு மனிதரின் இதயம் எத்தனை முறை துடிக்கும் என்று கணக்குப் போட்டேன். கணிதம் படித்தவனுக்கு இதுதான் தண்டனை, கேட்காத கணக்கெல்லாம் தானாக வரும். பாலம் தாண்டியதும் வலப்பக்கம் காவிரி. அக்கரையில் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. கும்பிடத் தோன்றியது. கையில் ஃபோன் இருந்தது.

முத்தரசநல்லூர் வந்தது. மேடம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இருபத்தேழாவது வரிதானே?"

"ஆமா மேடம்."

"ம்."

திட்டியிருக்கலாம். எனக்கு அது வசதியாக இருந்திருக்கும்.

ஜீயபுரத்தில் இரண்டு பேரிடம் விசாரித்தோம். வாய்க்கால் ஓரமாகப் போகச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் வாழை. ஓட்டு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மெலிந்த மனிதர் ஒருவர் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு காலி இளநீர்க் கூடு. கையில் இன்னொன்று, சீவித் திறந்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு சீப்புப் பூவன் பழம். அதற்கும் பக்கத்தில், கல் வைத்து அழுத்திய எங்கள் தாள்.

இளநீரும் வாழைப்பழமும் பொட்டாசியம் நிறைந்தவை. அவருடைய நோய்க்கு இரண்டையும் தொடக்கூடாது.

"வாங்க, வாங்க. ஆஸ்பத்திரிலேர்ந்தா?" அவர் முகம் மலர்ந்திருந்தது. "ரிப்போர்ட் நல்லா வந்திருச்சுங்க. ஒரு சிவப்பு இல்ல. ஒன்றரை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் சொந்தத் தோப்பு எளநிய வாயில வைக்கிறேன்."

"அய்யா, அதைக் கீழ வைங்க" என்றார் மேடம்.

"இது எச்சிலும்மா. உங்களுக்கு வேற வெட்டச் சொல்றேன். ஏ கலா! ரெண்டு எளநி வெட்டும்மா!"

உள்ளேயிருந்து அரிவாளோடு மருமகள் கலா வந்தார். நான் கிட்டப் போய்ப் பெரியவர் கையிலிருந்த இளநீரை வாங்கித் தரையில் வைத்தேன். பாதி குறைந்திருந்தது.

"ரிப்போர்ட் தப்புங்க அய்யா. உடனே வரணும். வண்டி நிக்குது."

"மிஷின் தப்பா?"

மிஷின் என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். எங்கள் தொழிலில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறோம்.

"இல்லைங்க. நான் பண்ணின தப்பு. உங்களுக்குப் பொறந்த தேதி தெரியாதுல்ல. அதனால நீங்க இன்னைக்குத்தான் பொறந்தீங்கன்னு அது நெனச்சுருச்சு. பச்சைக் குழந்தைக்கு இந்த அளவு சரி. உங்களுக்குச் சரியில்ல."

அவர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பொக்கை வாயால் சிரித்தார். "இன்னைக்குப் பொறந்தவனுக்குத்தான் இவ்வளவு ஆசை வரும் போல."

கலா சிரிக்கவில்லை. அரிவாளை வாசற்படியில் வைத்தார்.

"நாந்தாங்க அந்தத் தாளைப் பாத்தேன். செவப்பு இல்ல மாமா, குடிங்கன்னு நாந்தான் சொன்னேன். எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தச் செவப்பு ஒண்ணுதான். இவுகளுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நாந்தான குடுத்தேன்னு ஆயிருக்கும்?"

"ஆமாங்க" என்றேன்.

திரும்பும் வழியில் அவர் பின் சீட்டில் கலாவின் தோளில் சாய்ந்துகொண்டார். முதலில் பேசிக்கொண்டு வந்தார். "காலு ரெண்டும் கல்லாட்டம் இருக்கு" என்றார். பிறகு பேச்சு குறைந்தது. நான் கண்ணாடியில் அவர் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்தேன். மேடம் அதுவரை ஹாரன் அடித்து நான் கேட்டதில்லை. அன்று குடமுருட்டியிலிருந்து புத்தூர் வரை கையை எடுக்கவில்லை.

வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் நின்றது. இதய வரைபடம் எடுத்ததும் டாக்டர் ஊசி போட்டார். டயாலிசிஸ் அறைக்குள் கொண்டுபோனார்கள். கதவு மூடியது. நானும் மேடமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கலா எங்களுக்கு எதிரே நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இரண்டரை மணி நேரம். யாரும் தண்ணீர் கூடக் கேட்கவில்லை. மூன்று மணி சுமாருக்கு டாக்டர் வந்து, "இறங்கிருச்சு, பொழச்சுக்குவார்" என்றார். கலா அப்போதுதான் உட்கார்ந்தார், தரையில்.

மேடம் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். இருபத்தேழாவது வரிக்கு எதிரே என் பெயர் இருந்தது. அதற்குக் கீழே தன் பெயரை எழுதினார்.

"நீங்க எதுக்கு மேடம்?"

"நிச்சயமான்னு கேட்டேன். எப்படித் தெரியும்னு கேட்கலை."

மறுநாள் ராமசாமி படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தார். மேடம் அவரிடம் ஒரு அனுமதி கேட்டார். எங்கள் சோதனை நோயாளிகளில் அவரையும் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளலாமா என்று. விளக்கிச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்த நான் பிறந்த தேதிக் கட்டத்தில் பேனாவை நிறுத்தினேன்.

"என்னத்துக்கு யோசிக்கிறீங்க?" என்றார் அவர். "தெரியலைன்னா தெரியலைன்னு எழுதுங்க. எனக்கே வெக்கமில்ல."

மூன்றாவது வெர்ஷனுக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் போனோம். அதற்குள் என் அந்த வரியை எடுத்தேன். தேதி தெரியாதவர்களுக்கு வருடத்தை மட்டும் வைத்து வயது கணக்கிட்டோம். வருடமும் இல்லையென்றால் தாள் வெளியே போகாமல் டெக்னீஷியனிடம் நிற்கும். திரும்பி வரும் வழியில் ஒன்பதாவது படி சேர்ந்தது: வெளியே போன தாள் ஒவ்வொன்றும் யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. அன்றிலிருந்து எந்த வெளியீட்டுக்கு முன்னாலும் ராமசாமி ஒருமுறை எங்கள் கணினியில் இரத்தம் கொடுப்பார். பொட்டாசியம் 6.3. அது சிவப்பில் வந்தால்தான் கையெழுத்து.

அவர் அதற்குப் பிறகு நான்கு வருடம் இருந்தார். எதிரில் பார்க்கும்போதெல்லாம், "இன்னைக்கு எனக்கு என்ன வயசு சார்?" என்று கேட்பார். கலா ஒருநாளும் என்னிடம் சிரித்ததில்லை. அது அவர் உரிமை.

இதில் பெரும்பகுதியை எழுதித் திவ்யாவுக்கு அனுப்பியிருந்தேன். இப்போதெல்லாம் புதிய வெர்ஷன் வந்தால் ஒரு கருவி தானே மாற்றி, தானே சோதித்து, பச்சைக் குறி காட்டுகிறதாம். மாற்றப் பட்டியலை யாரும் உரக்கப் படிப்பதில்லை. திவ்யா மட்டும் படித்திருக்கிறார். ராமசாமி ஃபெயில் ஆவது அவரால் அல்ல, வருடம் மட்டும் உள்ள தேதியைப் புதிய லைப்ரரி வேறு முறையில் கேட்பதால் என்று கண்டுபிடித்துத் தங்கள் நிரலைத் திருத்தியும்விட்டார்.

இன்று அந்த முதல் ஞாயிறு. ஆறு மணியிலிருந்து ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி இரண்டு முறை வந்து, "உங்களுக்கு ஓய்வு குடுத்துட்டாங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஏழே காலுக்குத் திவ்யா கூப்பிட்டார்.

"சார், முடிஞ்சிருச்சு. ராமசாமி அய்யாவுக்குச் சிவப்பு வந்திருச்சு."

"திரையிலயா, தாள்லயா?"

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"பிரிண்ட் எடுக்கலை சார். எடுத்துட்டுக் கூப்பிடுறேன்."

இன்னும் கூப்பிடவில்லை.